சுடர் அசையாத வீடு

அந்த வருஷத்துக் குளிர் எங்கள் தெருவில் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் அதைத் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டது சாத்து ஒருவன்தான். குழாயில் தண்ணீர் உறைந்துபோனால் நாங்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வெந்நீரை ஊற்றுவோம். அவன் குழாயையே முறைத்துக்கொண்டு நிற்பான், ஏதோ அது வேண்டுமென்றே செய்துவிட்டது போல.

சாத்து என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த குளிர்கிடங்கில் அவனுக்குக் கதவு வேலை. அங்கே ஒவ்வொரு கதவும் ஒரு சுவர் கனம். ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஓடும். பட்டை எங்கே வெடித்திருக்கிறது, எங்கே சரியாக அழுந்தவில்லை, எந்தக் கீல் தளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அவன் பிழைப்பு. மூட்டை இறக்குகிறவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு அரட்டை அடித்தால், "சாத்து! சாத்துடா!" என்று அவன் போடும் கூச்சலில் மூட்டையோடு உள்ளே ஓடுவார்கள். அந்தக் கூச்சலே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவன் மனைவியைச் சாத்து வீட்டம்மா என்றுதான் சொல்வோம். அவளும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

அவர்களுடைய இரண்டாவது குழந்தை அந்தக் குளிரில்தான் பிறந்தது. பெண். மாதம் நிறையுமுன்பே அவசரப்பட்டு வந்துவிட்டது. அவன் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கையைத் தொடாது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா சொன்னது ஒன்றுதான்.

"வீட்டைக் கதகதப்பா வெச்சுக்குங்க. இந்தப் பிள்ளைக்கு உடம்புல சூடு தங்காது."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இன்னொரு போர்வை வாங்கியிருப்பார்கள். சொன்னது சாத்துவிடம்.

அவன் செய்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்திய குளிர்காலத்தில் அவர்களுடைய மூத்த பிள்ளை அதே வீட்டில் இறந்துபோனான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ராத்திரி பால் குடித்துவிட்டுத் தூங்கியவன் காலையில் எழுந்திருக்கவில்லை. அன்று தெருவே விறைத்துக் கிடந்தது. "குளிர்தான் கொண்டுபோயிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சாத்து அதை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டான்.

அதனால் இந்தத் தடவை அவன் வீட்டைக் கிடங்காக்கினான்.

இரண்டு அறை வீடு. முன்னறையில் இரும்பு அடுப்பு, அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். உள்ளறையில் கட்டில், ஒரு ஜன்னல். கிடங்கில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டைகளை நல்லது பார்த்து எடுத்து வந்து வாசல் கதவைச் சுற்றி ஒட்டினான். ஜன்னல் சட்டத்துக்கும் ஒட்டினான். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் தெர்மாகோலை வெட்டி அடைத்துப் பசை பூசினான். தரைப்பலகை இடுக்கில் கந்தலைத் திணித்தான். வேலை முடிந்ததும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கதவு ஓரம், ஜன்னல் ஓரம் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டே போனான். கிடங்கில் கதவைச் சோதிக்கிற முறை அது. காற்று கசிந்தால் சுடர் சாயும்.

"பாரு. அசையுதா பாரு."

"அசையலை" என்றாள் சாத்து வீட்டம்மா, குழந்தையை மார்போடு அணைத்தபடி. "நீங்க வீட்டைச் சுத்திப் பட்டை ஒட்டுறதைப் பார்த்தா என்னையும் பாப்பாவையும் ஊறுகாய் போடப் போறீங்களோன்னு இருக்கு."

"கிண்டல் பண்ணாதே. சூடு ஒரு துளி வெளியே போகக்கூடாது."

அடுப்பில் கரியைப் போட்டுவிட்டால் உள்ளே சட்டை போட முடியாத அளவுக்குச் சூடு. வீட்டுக்கு வந்து பார்த்த பெண்கள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் கதவுக்கும் இரண்டு முழம் பட்டை கிடைக்குமா என்று கேட்டு வைத்தார்.

பிரசவம் பார்த்துக்கொள்ள வந்தது சாத்துவின் அக்கா. மூத்த பிள்ளைக்கும் அவள்தான் வந்தாள். சந்தையில் காய்கறிக் கடை போட்டவள். வெட்டவெளியில் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து வியாபாரம் செய்தே உடம்பு மரத்துப்போனவள். தராசை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும், எடைக்கல் போகக்கூடாது என்று ஒரு கிலோக் கல்லைப் பையிலேயே போட்டுக்கொண்டு அலைவாள். அதனால் எங்களுக்கு அவள் தராசக்கா. அந்தப் பையோடு அவள் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் முழங்கால் தப்பாது.

தராசக்காவுக்கு மூடின வீடு ஆகாது. வந்த அன்றே மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, உள்ளே வந்தா யாரோ வாயைப் பொத்துற மாதிரி இருக்கு."

"உங்க தம்பி வேலைப்பாடு அண்ணி. சுடரே அசையாது."

"மனுஷி அசையலாம்ல?"

தம்பி வேலைக்குப் போனதும் உள்ளறை ஜன்னலை ஒரு சாண் திறந்துவைப்பாள். குழந்தையைக் கம்பளியில் பொதிந்து அடுப்புப் பக்கம் கொண்டுவந்துவிடுவாள். துணி துவைப்பாள், ரொட்டி சுடுவாள், சூப்புக்குக் காரட்டை நறுக்குவாள். சாயங்காலம் அவன் வருகிற நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருப்பாள். சாத்து வீட்டம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் அவளுக்கும் தலை லேசாக இருந்தது. விடியற்காலையில் எழுந்தால் பாறாங்கல்லைத் தூக்கிவைத்தது போல் இருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் இல்லை, அதனால்தான் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். இன்று எங்களுக்கு எல்லாம் தெரியும். அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் கிடங்கில் மின்சாரம் போனதால் சாத்து சீக்கிரம் திரும்பிவிட்டான். தெருவில் நுழையும்போதே ஜன்னல் திறந்திருப்பது கண்ணில் பட்டது. திரைச்சீலை வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அவன் போட்ட சத்தத்தில் தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"யார் திறந்தது?"

"நான்தான்டா" என்றாள் தராசக்கா. "எதுக்கு ஊரைக் கூட்டுறே? பிள்ளை அடுப்புப் பக்கத்துல இருக்கு பாரு, சூடா, சுகமா."

"நர்சம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க? இந்தப் பிள்ளைக்குக் குளிர் ஆகாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"குளிர் ஆகாதுன்னாங்க. காத்து ஆகாதுன்னாங்களா? அவளுக்குத் தினமும் தலைவலி. வெளியே துணி காயப்போட வந்தா சரியாயிடுது, உள்ளே போனா திரும்ப வலிக்குது. என்னன்னு கேட்டியா நீ?"

"தலைவலிக்கு மாத்திரை இருக்கு. பிள்ளை போனா எங்கே வாங்குறது?"

"ஏங்க, மெதுவா" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு நாடகம் போடுறீங்க." அக்கா பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளுத்திருந்ததாகத் தையல்காரர் பிற்பாடு சொன்னார். "அன்னைக்கும் நீதானே இருந்தே? மூத்தவன் போன அன்னைக்குக் காலையில ஜன்னல் திறந்து கிடந்துச்சு. நான் பார்த்தேன். மூணு வருஷமா வாயைத் திறக்கலை. அவனை நீதான் அனுப்பினே. இப்ப இவளையும் அனுப்பணுமா?"

வாயாடி என்று சந்தையில் பெயர் எடுத்தவள் தராசக்கா. எடை குறைவு என்று சொன்ன ஆளைத் தெருமுனை வரை விரட்டியவள். அன்று அவள் கையில் இருந்த காரட்டைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். சால்வையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி! அண்ணி, நில்லுங்க!"

"போகட்டும் விடு" என்றான் சாத்து.

அவன் செய்தது மன்னிக்க முடியாத காரியம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஒருத்தி மேல் பிள்ளைச் சாவைத் தூக்கிப் போடுவதற்குப் பயம் ஒரு சாக்காகாது. ஆனால் அப்போதே கருவிப்பெட்டியை எடுத்து வந்து அந்த ஜன்னலுக்கு நாலு மூலையிலும் திருகாணி ஏற்றினானே, அப்போது ஒவ்வொரு திருகாணியும் இரண்டு தடவை கீழே விழுந்ததை அவன் மனைவி பார்த்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அந்த வருஷத்திலேயே மோசமான குளிர். ஓட்டு விளிம்பில் பனி ஊசி ஊசியாய்த் தொங்கியது. சாத்துவுக்குக் காலையில் தலை கனத்தது. நேற்றைய சண்டைதான் என்று நினைத்துக்கொண்டான். மனைவிக்கு வாந்தி வந்தது.

"நான் வேணா இன்னிக்கு லீவு போடட்டுமா?"

"வேணாங்க. கொஞ்சம் படுத்தா சரியாயிடும். பாப்பாவும் தொல்லை குடுக்கலை. ராத்திரி ஒரு தடவைதான் பாலுக்கு எழுந்துச்சு."

அவன் குனிந்து குழந்தையைப் பார்த்தான். கன்னம் இரண்டும் சிவந்து, சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "பாரு, எப்படி நிறம் ஏறியிருக்கு பாரு. சூடு பிடிச்சிருச்சு" என்றான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பில் கரியை நிறையப் போட்டான். சூடு குழாய் வழியாக வீணாகிறதே என்று குழாய்க்குள் இருக்கும் தகட்டைத் திருப்பி முக்கால்வாசி அடைத்தான். வெளியே வந்து கதவை இழுத்து, பட்டை நன்றாக அழுந்துகிறதா என்று கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான். உள்ளே அவள் தாழ் போடும் சத்தம் கேட்டது. திருப்தியோடு போனான்.

குளிர்கிடங்கில் எல்லா அறைகளும் எப்போதும் சாத்தியே கிடக்கும், ஒன்றைத் தவிர. உருளைக்கிழங்கு அறையை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவைக்க வேண்டும். கிழங்கு செத்த பொருள் இல்லை, மூட்டைக்குள் இருந்துகொண்டே மூச்சு விடும். விட்ட மூச்சு அறைக்குள்ளேயே தங்கினால் கிழங்கு உள்ளுக்குள் கறுத்துப்போகும். கதவைத் திறந்ததும் யாரும் நுழையக்கூடாது, மின்விசிறியை ஓடவிட்டு வெளியே நிற்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். குளிர் வீணாகிறதே என்று சாத்து தினமும் அந்த நேரத்தில் முணுமுணுப்பான். விசிறியைப் பார்த்துக்கொள்ளும் மொட்டை அவனைத் தினமும் கேலி செய்வான். மொட்டைக்கும் இவனுக்கும் அது ஒரு சடங்கு மாதிரி.

முந்தின நாள் மின்சாரம் போன குழப்பத்தில் கிழங்கறையைத் திறக்கவே மறந்திருந்தார்கள். அன்று மதியம் சாத்து நெம்புகோலை இழுத்துக் கதவைத் திறந்தான். திறந்தவன் ஏதோ யோசனையில் நேரே உள்ளே காலை வைத்தான். மொட்டை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கே போறே? ரெண்டு நாள் மூச்சு உள்ளே நிக்குது. போனா தலை வலிக்கும், குமட்டும், அப்படியே மூட்டை மேல சாஞ்சு தூங்கிடுவே. போன வருஷம் புதுப் பையன் ஒருத்தன் தூங்கினானே, மறந்துட்டியா?"

"மறக்கலை."

"அவனைத் தூக்கிட்டு வந்து போட்டப்போ நீதானே சொன்னே, நல்லாத் தூங்குறான், எழுப்பாதீங்கன்னு!"

மொட்டை சிரித்தான். சாத்து சிரிக்கவில்லை. கதவுப் பட்டையின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றான்.

"என்னடா?"

"தலை வலிக்குதுன்னா. காலையில வாந்தி எடுத்தா."

"யாரு?"

"பிள்ளை சமர்த்தாத் தூங்குதுடா" என்றான் சாத்து. அவன் குரல் அவன் குரலாகவே இல்லை என்று மொட்டை சொன்னான். அப்புறம் சாத்து ஓடினான். கிழங்கறைக் கதவைச் சாத்தச் சொல்லாமல் அவன் போனது அன்று ஒருநாள்தான்.

தண்டவாளத்தைத் தாண்டி, மரக்கடைச் சந்தில் நுழைந்து, உறைந்த சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்து அவன் ஓடிவந்த கதையை வழியில் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துச் சொன்னது ஒன்று. வாய் ஓயாமல் "திற, திற" என்று சொல்லிக்கொண்டே ஓடினானாம்.

தெருவில் திரும்பியபோது அவன் வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. உள்ளறை ஜன்னலில் கண்ணாடி இல்லை. கீழே சில்லுகளுக்கு நடுவில் ஒரு கிலோ எடைக்கல் கிடந்தது.

தராசக்கா சால்வைக்காகத்தான் வந்தாளாம். அப்படித்தான் எங்களிடம் சொன்னாள். சந்தையில் கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு, அந்தக் குளிரில், பழைய சால்வை ஒன்றுக்காக. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள் போல என்று நினைத்துத் திரும்பி இரண்டு படி இறங்கினாள். அப்புறம் அவளுக்குத் தோன்றியிருக்கிறது: இவள் அப்படிப்பட்டவள் இல்லையே, எவ்வளவு கோபம் என்றாலும் "வந்துட்டேன் அண்ணி" என்று குரல் கொடுத்துவிட்டுத்தானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சுற்றி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டினாள், கத்தினாள். அசையவில்லை. ஜன்னலை இழுத்துப் பார்த்தாள், திருகாணி. பைக்குள் கையை விட்டாள்.

தையல்காரர் ஓடிவந்தபோது தராசக்கா பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தாளாம். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே குதித்துக் கதவைத் திறந்தாள். சாத்து வீட்டம்மாவை நாலு பேராகத் தூக்கி வெளியே வாசலில், வெறும் பனியில் கிடத்தினார்கள்.

சாத்து வந்தபோது அவன் மனைவி கண்ணைத் திறந்திருந்தாள், பேச்சு வரவில்லை. குழந்தை தராசக்காவின் மடியில், அந்தச் சால்வைக்குள் இருந்தது. அழவில்லை. சாத்து கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்து ரத்தம் சால்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். யாரோ ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். பனிக்காற்று ஒன்று தெருவைத் துழாவிக்கொண்டு வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. அப்போது அந்தப் பிள்ளை தும்மியது. தும்மிவிட்டு அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் அழுதது. சாத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இன்னும் ஒருவர் உட்காரும் அளவு இடம் விட்டு. அவள் முழங்கைவரை கட்டு. தாயும் பிள்ளையும் உள்ளே ஆக்சிஜனில் இருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"பிழைச்சுட்டாங்க. ரெண்டு நாள் இருக்கட்டும். அடுப்பு எரியுற வீட்ல காத்து வர வழியே இல்லையா?"

"புகை ஒண்ணும் இல்லைங்க டாக்டர். கண்ணுக்கே தெரியலை."

"தெரிஞ்சிருந்தா இருமி எழுந்திருப்பாங்களே. இந்த விஷக் காத்து கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. காத்து இல்லாம கரி எரிஞ்சா இப்படித்தான். முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் தூக்கம். சின்ன உடம்புன்னா சீக்கிரம் பிடிச்சுக்கும்." கையிலிருந்த தாளைப் புரட்டினாள். "இது ரெண்டாவது குழந்தையா? மூத்தது?"

"இல்லைங்க. போயிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி. குளிர்ல."

"காய்ச்சலா?"

"இல்லைங்க. தூக்கத்துலயே."

டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தராசக்கா அவனைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"நேத்து என்னை ஒண்ணு கேட்டே."

"அக்கா, வேணாம். தெரியாம..."

"கேளுடா. அன்னைக்கு ராத்திரி நான் ஜன்னலைத் திறக்கலை. நீ ஜன்னல் மேல கம்பளியைப் போட்டுச் சுத்தி ஆணி அடிச்சிருந்தே. அடுப்பு எரிஞ்சுது. எனக்கு உள்ளே மூச்சு முட்டுச்சு. கம்பளியைக் கொஞ்சம் விலக்கலாம்னு கைகூடப் போச்சு. தம்பி திட்டுவானேன்னு பேசாம போய்த் தையல்காரர் வீட்ல படுத்துக்கிட்டேன். நான் மட்டும் போய்ப் படுத்துக்கிட்டேன்டா." நிறுத்தினாள். "காலையில வந்து கூப்பிட்டா நீங்க ரெண்டு பேரும் தலையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தீங்க. பிள்ளை எழலை. அதுக்கப்புறம்தான் நான் கம்பளியைப் பிய்ச்சு ஜன்னலைத் திறந்தேன். நீ பார்த்தது அதைத்தான்."

சாத்து நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தான். தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழுத அழுகையில் வந்த வலி என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான்.

வராந்தாக் கோடியில் ஒரு ஜன்னல் திறந்து கிடந்தது. காற்று உள்ளே வந்து சுவர்க் காலண்டர் தாள்களை எல்லாம் புரட்டியது. நர்சம்மா ஒருத்தி கைகளைத் தேய்த்துக்கொண்டே அதைச் சாத்தப் போனாள். சாத்து எழுந்து ஓடிப்போய் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா. சாத்தாதீங்க."

"குளிருதேப்பா."

"இருக்கட்டும்மா. திறந்தே இருக்கட்டும்."

நர்சம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவன் காற்றுக்கு முகம் கொடுத்து அங்கேயே நின்றான். தராசக்கா எழுந்தாள். அப்புறம் ரத்தக்கறை படிந்த அந்தச் சால்வையை எடுத்துக்கொண்டு போய் அவன் தோளில் போட்டாள்.

"அப்போ மூத்தவன் குளிர்ல போகலையாக்கா?"

"இல்லடா" என்றாள். "அன்னைக்கு வீடு நல்லாத்தான் சூடா இருந்துச்சு."